இரண்டாவது கோல்கீப்பர்

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பாளையங்கோட்டைக்கு வந்தாயிற்று. கோவில்பட்டியில் பஸ் ஏற்றிவிடும்போது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பந்தாட்டத்தால ஒனக்கு என்னம்மா பிரயோசனம்? ஆடவும் விட மாட்டங்காங்க. சும்மா பெஞ்சில உக்காந்துட்டு வார. அந்த நேரத்துக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் போலாம்லா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நகராமல் நின்றிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் நான் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டாவது கோல்கீப்பரின் வேலை எளிது. ஆட்டத்துக்கு முன் முதல் கோல்கீப்பருக்குப் பந்தை உதைத்து உடம்பைச் சூடாக்கிவிட வேண்டும். அப்புறம் உட்கார வேண்டும். முதல் கோல்கீப்பர் முப்பிடாதி. விடுதியில் என் அறைத்தோழியும் அவள்தான். அவள் இருக்கும்வரை எனக்கு ஆட்டம் கிடையாது. இதைக் குறையாக எழுதவில்லை.

முதல் வருடம் மெஸ்ஸில் சுவரோரமாகத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் யாரோடும் பேச்சு வராது. ஒருநாள் முப்பிடாதி வந்து எதிரே நின்றாள். "ஏட்டி, எந்திரி" என்றாள். எழுந்தேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நல்ல ஒசரம். சாயங்காலம் கிரவுண்டுக்கு வா." அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் தனியாகச் சாப்பிட்டதில்லை. எனக்குக் கால்பந்து பிடிக்குமா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பிடிக்காது என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்காமல் விட்டதற்கு இன்றுவரை நன்றியோடிருக்கிறேன்.

அடுத்த மாதம் மதுரையில் மாநில அளவிலான கல்லூரிப் போட்டி. தேர்வாளர்கள் வருகிறார்களாம். முப்பிடாதி மாநில அணிக்குப் போய்விட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழியுண்டு. இல்லையென்றால் படிப்பு முடிந்த கையோடு மும்பையில் கடை வைத்திருக்கும் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதாக வீட்டில் பேச்சு. அவள் இதைப் பற்றி அழுவதில்லை. கூடுதலாகத் தண்டால் எடுப்பாள்.

ஜனவரி 25, சனி

நாகர்கோவில் பக்கமிருந்து வந்த அணியோடு எங்கள் மைதானத்தில் நட்பு ஆட்டம். ஒரு கோலில் வென்றோம்.

ஆட்டம் முடியப் போகும் நேரம் அவர்களுடைய நெட்டைப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்துவிட்டாள். முப்பிடாதி ஓடிப்போய் அவள் காலடியில் விழுந்து பந்தைக் கவ்வினாள். அந்தப் பெண்ணால் நிற்க முடியவில்லை. அவள் முழங்கால் முப்பிடாதியின் காதுக்கு மேலே இடித்தது. பெஞ்சு வரை சத்தம் கேட்டது.

பந்தை அணைத்தபடி கொஞ்சநேரம் கிடந்தாள். பிறகு எழுந்து கையை உயர்த்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் பி.டி. ஆசிரியை குணசுந்தரி மேடமும் தட்டினார்கள். நானும்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தேன். கிளவுஸை மாட்டியிருந்தேன். அப்புறம் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் பெரிய நிம்மதி.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். மிட்டாய். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று முப்பிடாதி பாதியிலேயே அறைக்குப் போய்விட்டாள். மத்தியானம் துணி துவைத்தேன். அவளுடைய ஜெர்சியையும் சேர்த்து.

ஜனவரி 28, செவ்வாய்

அவளுக்குத் தலைவலி. சனிக்கிழமையிலிருந்தே விடவில்லையாம். மாத்திரை வாங்கித் தரச் சொன்னாள். வார்டனிடம் கேட்கட்டுமா என்றேன்.

"ஒண்ணும் கேக்காண்டாம். வார்டன்கிட்டச் சொன்னா மேடம் காதுக்குப் போயிரும்."

"மேடத்துக்குத் தெரிஞ்சா என்ன?"

"மதுரைக்குக் கூட்டிட்டுப் போமாட்டா. அவ்வளவுதான். செண்பா, யார்கிட்டயும் சொல்லக்கூடாது, கேட்டியா? எங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

"ஒங்கம்மா மேல நான் எதுக்குச் சத்தியம் பண்ணணும்?"

"ஒங்கம்மா மேல பண்ணு அப்ப."

பண்ணினேன். அவள் சிரித்தாள். தலைவலி இருந்தால் இப்படிச் சிரிக்க முடியுமா? பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஜனவரி 31, வெள்ளி

பயிற்சியில் அவளுக்கு இடப்பக்கம் வந்த பந்துகள் மூன்று தப்பின. அவளுக்கு அந்தப் பக்கம் தப்பவே தப்பாது.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் அவள் குளியலறையில் வாந்தி எடுத்தது கேட்டது. மெஸ் சாம்பார் சரியில்லை என்றாள். நானும் அதே சாம்பார்தான் சாப்பிட்டேன்.

இன்று மைதானத்தில் மேடம் ஒரு விஷயம் சொல்லிச் சிரிக்க வைத்தார்கள். மேடத்துக்கு வேலூர்ப் பக்கம். இங்கே வேலைக்கு வந்த புதிதில் பெண்கள் மைதானத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்து "போட்டி, போட்டி" என்று கத்துவதைக் கேட்டு, அடேயப்பா, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டி மேல் இவ்வளவு வெறியா என்று நினைத்தார்களாம். "ஒரு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சது, 'போடீ'ன்னு சொல்றாங்கன்னு." எல்லாரும் சிரித்தோம். முப்பிடாதி கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தது போல இருந்தது.

சாயங்காலம் நான் மட்டும் மைதானத்தில் தங்கி, சுவரில் பந்தை அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். உடம்புக்கு நல்லது. கிளவுஸைத் துவைத்துக் காயப்போட்டேன். தூசியாக இருந்தது.

மேடத்திடம் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் இடத்தில் யார் நிற்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒருத்தி கோல்கீப்பராக இருந்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மதுரை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாட்டு. கேப்டன் அபிஷா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆட, நாங்கள் சீட்டைத் தட்டினோம். கயத்தாறில் நிறுத்தி ஆளுக்கொரு பதநீர். முப்பிடாதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பாட்டு, தட்டல் எதுவும் அவளை எழுப்பவில்லை. பிள்ளை அசந்து தூங்குகிறாள் என்று அபிஷா தன் துண்டை ஜன்னலில், அவள் முகத்தில் வெயில் படாமல் கட்டிவிட்டாள்.

இந்தப் பஸ்ஸில் இருக்கும் யாரும் எனக்கு உறவில்லை. யார் வீட்டுக்கும் நான் போனதில்லை. ஆனாலும் இந்தக் கூட்டத்தில் நான் ஒரு ஆள். ஒரு நாள் நான் பயிற்சிக்குப் போகாவிட்டால் "செண்பா எங்க?" என்று கேட்பார்கள். அம்மாவுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அம்மா, "டைப்ரைட்டிங் கிளாஸ்லயும் கேப்பாங்க" என்பாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலிறுதி. வென்றோம்!

சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் எங்கள் பெண் ஒருத்தியின் கையில் பந்து பட்டு அவர்களுக்குப் பெனால்டி. அபிஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். முப்பிடாதி கோட்டில் நின்று கைகளை விரித்தாள். உதைத்தவள் வலப்பக்கம் மூலையில் அடித்தாள். முப்பிடாதி பறந்து போய் விரல் நுனியால் தள்ளினாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. அடுத்த நிமிடமே அபிஷா தூக்கி அடித்த பந்தில் எங்களுக்கு கோல்.

மேடம் அழுதார்கள். தேர்வாளர்கள் இரண்டு பேர் முப்பிடாதியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டதை நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன். நாளைக்கு அரையிறுதி. அதையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

நான் எவ்வளவு கோழை என்று நினைத்துக்கொண்டேன். வாந்தி, தலைவலி என்று என்னவெல்லாம் கற்பனை செய்துவிட்டேன். மூளையில் கோளாறு இருக்கிறவள் இப்படிப் பாய்வாளா? வாயை மூடிக்கொண்டிருந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று.

பிப்ரவரி 8, சனி, காலை

சீக்கிரம் எழுதிவிடுகிறேன்.

தங்கியிருக்கும் இடத்தில் ஆறு மணிக்கு எழுந்தேன். முப்பிடாதி பாயில் உட்கார்ந்து கிளவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செண்பா, நேத்து ஜெயிச்சோமா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "இல்ல, தோத்துட்டோம். பெனால்டில."

"பெனால்டியா? நான் விட்டுட்டனா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. அபிஷா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியது, மேடம் அழுதது, தேர்வாளர்கள் பேசியது எதுவும் அவளிடம் இல்லை. பஸ்ஸில் பாட்டுப் பாடியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"நீ பிடிச்சட்டி. வலப்பக்கம் பாஞ்சு பிடிச்ச" என்றேன்.

"நெசமாவா? எப்பிடிப் பாஞ்சேன்? சொல்லு." சின்னப் பிள்ளை கதை கேட்பது போல முழங்காலைக் கட்டிக்கொண்டாள். சொன்னேன். கம்பத்தில் பட்டதைச் சொன்னபோது கை தட்டினாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிராத, என்ன? இன்னைக்கு ஒரு ஆட்டம். இது முடிஞ்சா நானே டாக்டர்ட்டப் போறேன்" என்றாள்.

சரி என்றேன். வெளியே வந்தேன். மேடம் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பல் தேய்க்கும் பிரஷைக் கையில் பிடித்தபடியே கேட்டார்கள். முகத்தைக்கூடக் கழுவவில்லை. கடைசியில் என் கையைப் பார்த்தார்கள். கையில் என் கிளவுஸைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"செண்பகவல்லி, உனக்கு ஆடணும்னு ஆசையா இருக்கா?"

"இருக்கு மேடம்."

அவர்கள் பார்வை கிளவுஸிலேயே இருந்தது.

"ரொம்ப ஆச இருக்கு. ஆனா அதுக்காகச் சொல்லல. நீங்க நம்பாட்டாலும் பரவால்ல, அவள ஒருதடவ டாக்டர்ட்டக் காட்டுங்க. அதுக்கப்புறம் என்ன டீம விட்டு அனுப்புனாலும் போயிருதேன்."

மேடம் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நேராக உள்ளே போனார்கள். ஒரு விரலை நீட்டி, முப்பிடாதியின் முகத்துக்கு முன்னால் இடமும் வலமும் ஆட்டினார்கள். அவளுடைய கண் இடப்பக்கம் போகையில் தடுமாறியது. மேனேஜராக வந்திருந்த ஜூலியட் மிஸ்ஸைக் கூப்பிட்டு ஆட்டோ பிடிக்கச் சொன்னார்கள்.

முப்பிடாதி கத்தவில்லை. ஆட்டோவில் ஏறும்போது என்னைத் தாண்டிப் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அபிஷா திரும்பினாள். "ரெண்டு வருசமாக் காத்திருந்தல்லா, கெடச்சிட்டு. போ, போய் ஆடு."

பிப்ரவரி 8, மாலை

அரையிறுதியில் தோற்றோம். இரண்டுக்கு ஒன்று.

உடம்பைச் சூடாக்க எனக்கு யாரும் பந்து உதைக்க வரவில்லை. மேடமே சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு உதைத்தார்கள். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் முதல் கோல் என் கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நழுவிப் போயிற்று. எந்தப் பந்து போனாலும் எங்கள் பெண்கள் "பரவால்ல, பரவால்ல" என்று கத்துவது வழக்கம். இன்று யாரும் கத்தவில்லை. அந்த அமைதியில் பந்தை வலையிலிருந்து எடுத்துப் போட்டேன்.

அதன்பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும். அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து கூட்டத்தில் துள்ளி, அவர்களுடைய பெண் ஒருத்தியின் காலுக்கு வந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவே யாரும் இல்லை. அவள் முழு பலத்தோடு காலை ஓங்கினாள். எங்கிருந்தோ அபிஷா குறுக்கே விழுந்தாள். பந்து அவள் விலாவில் அறைந்தது. சுருண்டு கிடந்தாள். நான் குனிந்து கையைக் கொடுத்தேன். கையைப் பிடித்து எழுந்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடத்த விட்டு நவுராத. முன்னால நான் நிக்கேன்" என்றாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பி, "ஒனக்காக இல்ல, பாத்துக்கோ" என்றாள்.

அதன் பிறகு நான் பயப்படவில்லை. நான்கு பந்துகளைப் பிடித்தேன். ஒன்றை எப்படிப் பிடித்தேன் என்றே தெரியவில்லை. எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. முடிவில் அவர்கள் இன்னொன்று போட்டுவிட்டார்கள். அது நல்ல கோல். யார் நின்றிருந்தாலும் போயிருக்கும். முப்பிடாதி நின்றிருந்தால் போயிருக்காது.

என்னைப் பிடிக்காத ஒருத்தி எனக்கு முன்னால் வந்து விழுந்து அடி வாங்கினாள். வேறு எந்த இடத்தில் இது நடக்கும்? எங்கள் வகுப்பில் நடக்காது. சொந்தபந்தங்கள் கூடுகிற கல்யாண வீட்டில்கூட நடக்காது. அவள் "ஒனக்காக இல்ல" என்று சொன்னது எனக்கு வருத்தமாக இல்லை. அதில்தான் ஏதோ நிம்மதி இருந்தது.

ஆட்டம் முடிந்து கால்சராயில் மண்ணோடு உட்கார்ந்திருந்தபோது மேடத்துக்கு ஜூலியட் மிஸ் போன் செய்தார்கள். மேடம் கேட்டுக்கொண்டே மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தார்கள். பிறகு எங்களிடம் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்தார்களாம். மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. சிறிய கசிவுதான். ஆப்பரேஷன் வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும். இன்று இன்னொரு அடி அதே இடத்தில் பட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையாம்.

அபிஷா எழுந்து தனியாக கோல் கம்பம் வரை நடந்து போய், அதில் நெற்றியை வைத்து நின்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஊருக்குக் கிளம்பும் முன் ஆஸ்பத்திரி. இரண்டிரண்டு பேராக உள்ளே விட்டார்கள். அபிஷா வெளியே வந்து என்னிடம் சொல்லத் தயங்கினாள். "ஒன்ன வராண்டாம்னு சொல்லுதா செண்பா."

"செண்பா" என்று சொன்னாள். அதைக் கவனித்தேன்.

நான் பைகளுக்குக் காவலாக வராந்தாவில் உட்கார்ந்தேன். மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "அன்னைக்கு அடி பட்டு எழுந்தப்போ நானும்தானே கை தட்டினேன். ஒரு நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தி அவளைப் பார்த்திருக்கணும். எழுந்துட்டா, அதுவே போதும்னு இருந்துட்டேன்" என்றார்கள். பிறகு தன் பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, சுளைகளை என் கையில் வைத்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை எழவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

முப்பிடாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆப்பரேஷன் தேவைப்படவில்லை. மனதார நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை, ஆனால் நன்றி.

ஓட்டம், பந்து, வெயில் எதுவும் கூடாது. மறுபடி ஆடலாமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வார்களாம். மாநில அணியை அறிவித்துவிட்டார்கள். அவள் பெயர் இல்லை.

அறையில் அவள் கட்டிலைத் தட்டி விரித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

முப்பிடாதியின் ஊரான முக்கூடலுக்குப் போனோம். அணியோடு போக எனக்கு மனமில்லை. ஆனால் முப்பிடாதியின் அம்மாவே மேடத்துக்குப் போன் செய்து, "அந்தச் செண்பகவல்லிப் பிள்ளையயும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்கள். திட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒற்றை அறை வீடு. முப்பிடாதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று அவள் கால்விரலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவள் அம்மா பீடி முறத்தை மடியில் வைத்தபடியே எங்களை உட்காரச் சொன்னார்கள். பேசிக்கொண்டிருந்தபோதும் விரல் நிற்கவில்லை. இலையை வைப்பதும் தூளைத் தூவுவதும் உருட்டுவதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தர் வாசலில் வந்து நின்று எங்கள் எல்லாரையும் பார்த்தார். "பொட்டப் பிள்ளைகளப் பந்தாட விட்டா இப்பிடித்தான் ஆவும். தலையில அடிபட்டும் வாயத் தொறக்காம ஆடிருக்காளே. அந்த ஆட்டம் படிச்சுக் குடுத்த புத்திதான?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார்கள். முப்பிடாதியின் அம்மா முதல்முறையாக விரலை நிறுத்தினார்கள்.

"ஆட்டத்தக் கொற சொல்லாத மைனி. வலிய மறைக்கது அவ ஆட்டத்தில படிக்கல. எங்கிட்டப் படிச்சா. நூத்திமூணு டிகிரி காய்ச்சல்ல நான் எல சுத்தலியா? கையில அரிவா பட்டு, துணியச் சுத்திட்டு ஒக்காரலியா? இவ பாத்துட்டுதான இருந்தா. ஒருநாளாவது எனக்கு முடியலன்னு சொல்லிருக்கனா?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள். "வலிக்குன்னு சொல்லதுக்கு எங்க வீட்டில ஆளில்ல. அங்க ஒரு பிள்ள இருந்துருக்கு. அந்த ஆட்டத்துக்குப் போகலன்னா இந்தப் பிள்ள இவளுக்கு எங்கேந்து கெடைக்கும்?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

கிளம்பும்போது வாசலில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்: "மும்பைக்காரன் கலியாணப் பேச்ச எடுத்தான். தலைக்கு அலட்டல் ஆவாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு, ஒரு வருசத்துக்கு வாயத் தொறக்கப்புடாதுன்னுட்டேன். டாக்டரு ஒரு வருசம்னு சொல்லல. நான் சொன்னேன்." அவர்கள் சிரித்தபோது முப்பிடாதி சிரிப்பது போலவே இருந்தது.

முப்பிடாதி கடைசிவரை திரும்பவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பயிற்சி. அபிஷா வந்து தானாகவே எனக்குப் பந்து உதைத்தாள். நேற்றும் உதைத்தாள்.

பிப்ரவரி 27, வியாழன்

முப்பிடாதி மாதிரித் தேர்வுக்காக வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். அறை மாற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. பேசவும் இல்லை. வாளி வேண்டுமென்றால் வாளியைப் பார்க்கிறாள், நான் நகர்த்தி வைக்கிறேன். மெஸ்ஸில் மற்றவர்களோடு உட்காருகிறாள். நான் இன்னும் சுவரோரத்துக்குப் போகவில்லை. அபிஷாவும் மற்றவர்களும் விடவில்லை.

அவளுடைய கோபம் நியாயம்தான். அவளுக்குக் கிடைக்கவிருந்தது கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்பது இதை மாற்றாது. ஆனால் அவள் மூச்சு விடுவது இரண்டடி தள்ளி எனக்குக் கேட்கிறது. இது போதும் என்று தோன்றுகிறது. போதவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 8, சனி

எங்கள் மைதானத்தில் மாவட்ட லீக் ஆட்டம். கோலில் நான்.

முதல் பாதி முடியும் நேரம் என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினேன். வலைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் முப்பிடாதி, தலையில் வெள்ளைத் தொப்பியோடு. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை அல்ல.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறின. எதிர்ப்புற கோலுக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், மைதானத்தைச் சுற்றி நிழல் நிழலாக நடந்து அவள் இந்தப் பக்கமும் வந்துவிட்டாள்.

வலது ஓரத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. போவதா நிற்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து குரல் வெடித்தது.

"ஏட்டி செண்பா! வெளிய வாட்டி! ஒன் பந்து!"

கால் தானாக ஓடியது. குதித்தேன். கூட்டத்துக்கு மேலே பந்தை இரண்டு முஷ்டியாலும் குத்தினேன். அது மைதானத்தின் நடுவே போய் விழுந்தது.

அதன் பிறகு அவள் வாயை மூடவே இல்லை. "மூதி, கண்ணு எங்க இருக்கு?" "முழங்கால மடக்கு!" "பேசு, முன்னால நிக்கவகிட்டப் பேசு! வாயில கொழுக்கட்டையா?" "அபிஷா, எடது பக்கம் ஆளில்ல பாரு! செண்பா, நீ சொல்லணும்டி அத, நானா சொல்லணும்?" ஒரு ஆட்டத்தில் இத்தனை வசவு நான் வாங்கியதே இல்லை. ரெஃபரி ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் தப்புக்கு மேல் தப்பாகச் செய்தேன், சரியாகவும் செய்தேன், எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கண்ணில் வியர்வை போய் எரிந்தது. துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. எல்லாரும் தண்ணீருக்கு ஓடினார்கள். நான் வலையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். முப்பிடாதி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குரல் கம்மியிருந்தது. தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டிருந்தாள்.

எதிரே உட்கார்ந்தேன். எனக்கு வந்தது ஒரே ஒரு கேள்விதான். கேட்டால் எழுந்து போய்விடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

"தல வலிக்கா?"

தொப்பியைச் சற்றே உயர்த்தினாள்.

"வலிக்குட்டி," என்றாள். "கொஞ்சம். கத்துனதுலன்னு நெனைக்கேன்."

நான் கையை நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளை மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் இருவரும் கையை விடவில்லை, தலை வலிக்கிறது என்று அவளே மேடத்திடம் சொன்னாள்.